கல்முனை வளவிலே அப்பிள் காய்க்குமா?

கல்முனைக் கடைத்தெருவிலே அப்பிள் பழத்துக்கு ஒருநாளும் குறைவில்லை. கப்பலேறி வந்த பழம், மெழுகுப் பூச்சோடு பளபளத்துக் கொண்டு வருடம் முழுவதும் அடுக்கப்பட்டிருக்கும். நோன்பு காலத்திலே அதற்கு மதிப்பு இன்னும் ஏறும். ஆனால், பழத்தை வாங்குவதோடு அமையாமல், மரத்தையே கொணர்ந்து வளவிலே நட்டுவிட வேண்டும் என்னும் ஆவல் இப்பொழுது நம் கரையோர ஊர்களிலே காணப்படுகிறது. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எங்கே சென்றாலும் இதைப் பற்றிய பேச்சைக் கேட்கலாம். மத்திய கிழக்கிலே உழைத்துத் திரும்பியோரும், புனித ஹஜ் கடமையை முடித்து வந்தோரும், ஆங்கே கண்ட அத்தி, மாதுளை, சைத்தூன், பேரீச்சை ஆகியவற்றைத் தம் வீட்டு முற்றத்திலும் காண விரும்புவது இயல்பே. இந்த வரிசையிலே அப்பிளும் ஓர் இடம் பிடித்துக்கொண்டது.

சிவந்த கனிகள் தொங்கும் படமொன்றைக் கட்டி, கறுத்தப் பையிலே வைத்து விற்கப்படும் கன்றின் விலை, மாங்கன்றின் விலையினும் பன்மடங்கு. விலை கூடப் பெரிதன்று. நம் ஊர்களிலே வளவுகள் சிறியவை; பத்துப் பேர்ச் நிலத்திலே வீடும் கிணறும் போக எஞ்சுவது இரண்டு மூன்று மரங்களுக்கான இடமே. அப்பிளுக்கு விட்ட இடம் மாவுக்கும் முருங்கைக்கும் இல்லாத இடமாகும். ஆறேழு வருடம் நீரூற்றிக் காத்திருந்தபின் ‘காய்க்கவில்லையே’ என்று தறிப்பதைக் காட்டிலும், நடுமுன் சற்று விசாரிப்பது நன்றன்றோ?

அப்பிளின் தாயகம் மத்திய ஆசியாவின் தியான் சான் மலைச்சாரல். அங்கே வருடத்திலே சில மாதங்கள் நிலம் உறைந்து கிடக்கும். அவ்வேளையிலே இலையோடு நின்றால் மரம் பட்டுப்போகும். ஆதலால், குளிர் தொடங்கும்போதே அது இலையை உதிர்த்துவிட்டு உறங்கச் செல்கிறது. அந்த உறக்கம் எளிதிலே கலையக்கூடியதன்று. உறைபனிக் காலத்து நடுவிலே இரண்டு நாள் இளவெயில் அடித்தது கண்டு ஏமாந்து பூத்துவிட்டால், அடுத்த வாரத்துப் பனி பூவையெல்லாம் கருக்கிவிடுமல்லவா? அதனால் மொட்டுக்குள்ளே வளர்ச்சியைத் தடுக்கும் அப்சிசிக் அமிலம் போன்ற ஓமோன்கள் காவல் நிற்கின்றன. குளிர் நீடிக்க நீடிக்கத்தான் அந்தக் காவல் தளரும்.

வேறு விதமாகச் சொன்னால், மரம் குளிரை மணிக்கணக்கிலே எண்ணுகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே நின்ற மணிகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், சாதாரண அப்பிள் வகைகளுக்கு 800 மணி, 1,000 மணி, சிலவற்றுக்கு அதற்கும் மேலே தேவைப்படுகிறது. ஆயிரம் மணியென்றால் இரவும் பகலுமாக நாற்பத்தொரு நாளுக்கு மேல். கல்முனையிலோ தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நம் கணக்குப் புத்தகத்திலே அப்பிளின் பெயருக்கு எதிரே ஆண்டுதோறும் விழுவது வெறும் பூச்சியமே.

இதனால் மரம் செத்துவிடுவதில்லை. செத்தாலும் ஒரு தெளிவு பிறக்கும். அது தூங்கவும் மாட்டாமல் விழிக்கவும் மாட்டாமல் நிற்கிறது. கிளை நுனியிலே மட்டும் ஒரு கொத்து இலை. கீழே நீளமான மொட்டைத் தண்டு. எப்பொழுதாவது, எங்கேயாவது இரண்டொரு பூ. ‘அடுத்த வருடம் பார்ப்போம்’ என்று வீட்டாரை ஆண்டாண்டாக நம்ப வைப்பதும் அந்த இரண்டொரு பூவேதான்.

நம் நாட்டிலே அந்தக் குளிர் அறவே இல்லையா என்று கேட்கலாம். மலைமீது ஓரளவு உண்டு. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு, ஏழு பாகை குறையும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்திலே இருப்பதால் நம் கரையினும் ஏறத்தாழப் பன்னிரண்டு பாகை குளிர்ந்தது. தை மாசியிலே சில அதிகாலைகளில் புல்லின்மேல் உறைபனியும் படியும். 1848ஆம் ஆண்டளவிலே சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் அங்கே பண்ணை அமைக்கத் துணிந்ததும் அந்தக் குளிரை நம்பித்தான். இன்றும் மலைநாட்டு வளவுகளிலே பேரிக்காய் காய்க்கிறது. தமிழகத்துக் கொடைக்கானலிலும் குன்னூரிலும் பேரி, பிளம்ஸ், பீச் ஆகியன விளைவதும் உயரத்தின் கொடையே. எனினும் ஆயிரம் மணிக் குளிர் அங்கும் கிடைப்பதில்லை. குறைந்த குளிரோடு அமையும் வகைகளே அங்கே நன்றாய் வருகின்றன.

அத்தகைய குறைகுளிர் வகைகள் அப்பிளிலும் உண்டு. இஸ்ரவேலின் எயின் ஷெமர் என்னும் கூட்டுப்பண்ணையிலே அப்பா ஸ்டைன் என்பவர் உருவாக்கிய ‘அன்னா’ ஒன்று. பஹாமாத் தீவிலே கண்டெடுக்கப்பட்ட ‘டோர்செட் கோல்டன்’ மற்றொன்று. இவற்றுக்கு முந்நூறு மணியளவு குளிரோ அதற்குக் குறைவோ போதும். ‘அன்னா’ தனித்து நின்றால் காய்ப்பு நன்றாயிராது. மகரந்தம் தர ‘டோர்செட்’ போன்ற துணை மரம் அருகே வேண்டும். ஒற்றைக் கன்றை வாங்கி நடுவோர் இதை அறிவதில்லை, விற்போரும் சொல்வதில்லை. அண்மையிலே புகழ் பெற்றது எச்.ஆர்.எம்.என்-99 என்னும் வகை. இதனைத் தந்தவர் இமாசலப் பிரதேசத்துப் பிலாஸ்பூர் மாவட்ட விவசாயி ஹரிமன் சர்மா. இந்திய அரசு 2025இலே பத்மஸ்ரீ விருதளித்து அவரைக் கௌரவித்தது. கோடையிலே நாற்பது பாகை வெயிலையும் இம்மரம் தாங்கும் என்பது மெய். ஆனால் பிலாஸ்பூரின் மார்கழி இரவுகள் போர்வைக்குள்ளும் நடுங்க வைப்பவை. வெயிலைத் தாங்குவது வேறு, குளிரின்றிப் பூப்பது வேறு. விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

குளிரே இல்லாத இடத்திலே அப்பிளைக் காய்க்க வைத்தவர் யாருமில்லையா? உண்டு. இந்தோனேசியாவிலே, கிழக்கு ஜாவாவின் மாலாங் நகருக்கு அருகே, பாத்து என்னும் மலையூர் இருக்கிறது. கல்முனை பூமத்திய ரேகைக்கு வடக்கே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் தெற்கே உள்ளது அவ்வூர். ஒல்லாந்தர் காலத்திலே அங்கே சென்ற அப்பிள், இன்று வருடத்துக்கு இருமுறை காய்க்கிறது. அங்குள்ள தோட்டக்காரர் செய்வது இதுதான்: பழம் பறித்துச் சில வாரங்களானபின், மரத்திலுள்ள இலைகளை ஒன்றுவிடாமல் கையாலே உருவி எறிகிறார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்லுமுன் முதலிலே அதை அடக்கி வைத்திருப்பது இலையேயாம். இலை போனதும் மொட்டு எழுந்து பூத்துவிடுகிறது. உறக்கத்தைக் கலைப்பது கடினம். உறங்கவிடாமல் எழுப்புவது எளிது. குளிரைக் கொண்டு ஐரோப்பாவில் நடப்பதை ஜாவாக்காரர் கைவிரலைக் கொண்டு நடத்திவிட்டனர்! எனினும் பாத்துவின் தோட்டங்கள் கடல்மட்டத்துக்கு 700 மீற்றருக்கு மேலே உள்ளவை, இரவுகள் இதமானவை. அண்மைக் காலத்திலே வெப்பம் ஏறியதும் ஒரு காரணமாக, அங்கேயே அப்பிள் தோட்டங்கள் சுருங்கி வருகின்றன. நம் கரையிலே இலையுருவினால் சில பழங்கள் கிடைக்கலாம். ஆனால் தோலிலே சிவப்பு ஏறக் குளிர்ந்த இரவு வேண்டும். சுடும் இரவிலே முதிரும் பழம் வெளிறியும் மென்மையாகியும் போகும்.

ஆனால், இதே தந்திரத்துக்கு நம் மணற்பூமியிலேயே மனமுவந்து இணங்கும் கொடியொன்று இருக்கிறது. அதுதான் திராட்சை; யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்பர். ஐரோப்பாவிலே இதுவும் இலையுதிர்த்து உறங்கும் கொடியே. நம் நாட்டிலே கத்திதான் அதற்குக் குளிர்காலம். யாழ்ப்பாணத் தோட்டங்களிலே பந்தலிட்டு, ‘இஸ்ரேல் புளூ’ போன்ற வகைகளைக் கவ்வாத்துச் செய்து காய்க்க வைக்கிறார்கள். தமிழகத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலே கவ்வாத்தை முறைவைத்து, ஆண்டு முழுவதும் பழம் பறிக்கிறார்கள். அங்குள்ள பன்னீர்த் திராட்சைக்கு 2023இலே புவிசார் குறியீடும் கிடைத்தது.

செய்முறை கடினமன்று. கொடி பந்தலேறிப் படர்ந்து, கிளை பென்சில் தடிப்பிலே பழுப்பு நிறமாக முற்றியபின், பத்து நாள் நீரை நிறுத்த வேண்டும். பின்பு கிளைகளை நான்கைந்து கணு விட்டு வெட்டி, எஞ்சிய இலைகளை உருவிவிட்டு, எரு இட்டு நீர் பாய்ச்ச வேண்டும். இரு வாரத்திலே துளிர்க்கும். அந்தத் துளிரிலேயே பூங்கொத்து தோன்றும். வகைக்கேற்ப மூன்றரை, நான்கு மாதத்திலே பழம். கவனிக்க வேண்டியது மழை ஒன்றே. பூக்கும்போதும் பழுக்கும்போதும் மழை பெய்தால் பூஞ்சணம் பிடிக்கும், பழம் வெடிக்கும். நமக்கு மாரிமழை ஐப்பசி முதல் தை வரை. ஆகவே, மழை ஓய்ந்து தை கடைசியிலே வெட்டினால் வைகாசியிலே பழம். ஆனித் தொடக்கத்திலே மீண்டும் வெட்டினால் மழைக்கு முன் புரட்டாசியிலே பழம். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்கள், தோட்டக்காரரால் ஏசப்பட்டாலும், திராட்சைக்கு உற்ற நண்பன்.

மாதுளையும் அவ்வாறே. மகாராட்டிரத்து விவசாயிகள் அதற்கு நீரை நிறுத்தி, இலை பழுத்து உதிரச் செய்து, பின் எருவும் நீரும் கொடுத்துத் தாம் விரும்பிய பருவத்திலே பூக்க வைக்கிறார்கள். சீமையத்திக்குப் பெரிதாகக் குளிர் வேண்டியதில்லை; சாதாரண வகைகள் மகரந்தச் சேர்க்கையின்றியே காய்க்கும். சைத்தூன் மரமோ தழைத்து வளரும், நிழலும் தரும்; ஆனால் பூக்க மிதமான குளிர்காலம் வேண்டுமாதலால், காய்க்குமென்று எதிர்பார்க்க வேண்டாம். (வெரலிக்காயை ஆங்கிலத்திலே இலங்கை ஒலிவ் என்பர், அது வேறு குடும்பத்து மரம்.) பேரீச்சையின் கதை முற்றிலும் மாறானது. அதற்கு வேண்டியது வெப்பமும் வறட்சியும். காத்தான்குடிப் பிரதான வீதியிலே நட்ட பேரீச்சை மரங்கள் குலை தள்ளி நிற்பதை நம்மவர் பலரும் கண்டிருப்பர். ஆணும் பெண்ணும் வெவ்வேறு மரங்கள் என்பதையும், விதையிலிருந்து முளைப்பவற்றிலே ஏறத்தாழப் பாதி ஆணாகிவிடும் என்பதையும் மறக்கலாகாது. உவர்நீரைப் பொறுக்கும் ஆற்றலும் அதற்கே அதிகம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிணறுகளிலே உப்பைக் கலந்துவிட்டுப் போனதைக் கண்ட ஊர்களுக்கு இது சிறிய செய்தியன்று. அப்பிள் உப்பைச் சற்றும் பொறாது.

இனி, வளவிலே ஏற்கனவே அப்பிள் கன்றை வளர்த்து வைத்திருப்போர் என்ன செய்வது? தறிக்க வேண்டாம், வீட்டிலுள்ள மாணவரிடம் ஒப்படையுங்கள். ஒரே தடிப்புள்ள இரு கிளைகளைத் தெரிந்து, ஒன்றிலே சிவப்பு நூலும் மற்றதிலே வெள்ளை நூலும் கட்டட்டும். புதுத்துளிர் நின்று இலைகள் முற்றியிருக்கும் நேரம் பார்த்து, சிவப்பு நூல் கிளையைக் கிடையாக வளைத்துக் கட்டி, மொட்டுக்குச் சேதமின்றி இலைகளை உருவ வேண்டும். வெள்ளை நூல் கிளையைத் தொடக்கூடாது. பின்னர் நாள்தோறும் பள்ளிக்கூடம் செல்லுமுன் இரண்டிலும் எத்தனை மொட்டு விரிந்தது, இலையா பூவா என்று எண்ணி, திகதியோடு ஒரு கொப்பியிலே ஆறு வாரம் எழுதி வரட்டும்.