மிரளும் குதிரையை வண்டியில் ஏற்றுவது எப்படி? வேகம் 35 கி.மீ.யைத் தாண்டக் கூடாது ஏன்? முழு விளக்கம்

ஆடி மாதம் வந்தாலே ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவும், அதையொட்டி நடக்கும் குதிரைச் சந்தையும் களைகட்டும். மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை நிற நொக்ரா என வரிசையாகக் கட்டியிருக்கும் குதிரைகளைப் பார்க்கவே கூட்டம் அலைமோதும். விலை பேசி முடிச்சாச்சு, பணமும் கொடுத்தாச்சு. ஆனால் உண்மையான சிக்கல் அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. குதிரை வண்டியில் ஏற மாட்டேன் என்கிறது!

தென்காசி மாவட்டம் புளியங்குடியைச் சேர்ந்த ஒருவர் அங்கே ஒரு குதிரையை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குக் கொண்டு வர 300 கி.மீ.க்கும் மேல் பயணம். மிரளும் குதிரையை அடிபடாமல், கூட வருபவர்களுக்கும் ஆபத்து இல்லாமல் கொண்டு வருவது எப்படி? சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

ரயிலில் ஏறிய குதிரை

2022 ஏப்ரலில் ஒரு புகைப்படம் நாடு முழுவதும் வைரலானது. மேற்கு வங்கத்தில் பயணிகள் நெருக்கியடித்து நின்ற புறநகர் ரயில் பெட்டிக்குள் ஒரு குதிரை! பந்தயத்தில் ஓடிவிட்டுத் திரும்பிய குதிரை அது. பலர் அதைப் பார்த்துச் சிரித்தாலும், உரிமையாளரை ரயில்வே பாதுகாப்புப் படை கைது செய்தது. அந்தக் குதிரை மிரண்டு ஒரே ஒரு உதை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

குதிரை ஏன் மிரளுது?

பிடிவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பயம். காட்டில் வேட்டை விலங்குகளிடம் இருந்து ஓடித் தப்பித்த இனம் குதிரை. ஓட வழியில்லாத, நாலு பக்கமும் அடைத்த இடம் என்றாலே அதற்கு ஆபத்து என்றுதான் படும்.

பார்வையும் ஒரு காரணம். தலையின் இரு பக்கமும் கண் இருப்பதால் சுற்றிலும் கிட்டத்தட்ட எல்லாமே அதற்குத் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும், வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. வெயிலில் நிற்கும் குதிரையின் கண் இருட்டுக்குப் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். அதனால் மூடிய வண்டியின் உள்பக்கம் அதற்கு ஒரு கருங்குகை மாதிரிதான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குகள் போக்குவரத்து விதிகள், 1978-ல் குதிரை, கோவேறு கழுதை, கழுதைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. முக்கியமானவை இவை:

• பயணம் செய்யத் தகுதியானது, தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவர் கொடுத்த சான்றிதழ் கட்டாயம்.

• சாதாரண லோடு வண்டி என்றால் தரை வழுக்காமல் இருக்க ஏதாவது விரிக்க வேண்டும். பக்கப்பலகை தாழ்வாக இருந்தால் உயர்த்த வேண்டும். 'குட்டி யானை' போன்ற சின்ன வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்கணும்.

• குதிரைகளுக்கு இடையில் குறைந்தது 8 செ.மீ. விட்டமுள்ள மூங்கில் கழிகள், பின்னால் இரண்டு உறுதியான குறுக்குக் கட்டைகள் இருக்க வேண்டும்.

• குதிரையின் தலை இடது பக்கம் பார்த்து இருக்க வேண்டும். நம் நாட்டில் எதிரே வரும் வாகனம் வலது பக்கமாகக் கடந்து போகும். அந்த வெளிச்சமும் ஹாரன் சத்தமும் நேராக முகத்தில் அடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி.

• ஒரு வண்டியில் 4 முதல் 6 குதிரைகளுக்கு மேல் கூடாது. கூடவே ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும்.

• வேகம் மணிக்கு 35 கி.மீ.யைத் தாண்டக் கூடாது.

மோட்டார் வாகன விதிகளில் 2015-ல் கொண்டு வந்த திருத்தப்படி, ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடமும் வேண்டும்.

குதிரைக்குத் தேவையில்லாத வலி தரும்படி ஏற்றிச் சென்றால்? விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-ன்படி முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். இந்த அபராதத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை. ஆனால் கால் முறிந்த குதிரையை மறுபடி நிற்க வைப்பது மிகக் கடினம். உண்மையான இழப்பு அதுதான்.

35 கி.மீ. ரொம்பக் குறைவு இல்லையா?

நமக்குக் குறைவுதான். ஆனால் குதிரை வண்டிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் நாலு காலையும் மாற்றி மாற்றி ஊன்றித்தான் சமாளிக்கும். ஓடும் வண்டியில் நிற்பதே அதற்கு ஒரு உழைப்பு.

இந்த வேகத்தில் 300 கி.மீ. கடக்க, நிற்காமல் போனாலே எட்டரை மணி நேரம் ஆகும். இடையில் ஓய்வும் வேண்டும். எனவே ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். வெயில் ஏறும் முன் கிளம்பி, உச்சி வெயிலில் நிழலில் நிறுத்துவது நல்லது.

ஏற்றும்போது என்ன செய்யணும்?

முடிந்தால் நாலைந்து நாள் முன்பே வண்டியைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்குங்கள். சாய்தளத்தில் கொள்ளு வையுங்கள், மறுநாள் உள்ளே வையுங்கள். சந்தையில் வாங்கியவருக்கு அந்த அவகாசம் கிடைக்காது. அப்போது பழைய உரிமையாளரையே ஏற்றித் தரச் சொல்லலாம். வண்டிக்குப் பழகிய சாதுவான குதிரை ஒன்றை முதலில் ஏற்றினால், மிரளும் குதிரையும் பின்னாலேயே ஏற வாய்ப்பு அதிகம்.

சாய்தளம் இல்லையா? சாலையோர மண்மேட்டை ஒட்டி வண்டியின் பின்பக்கத்தை நிறுத்தினால் ஏற்றம் குறையும். உள்ளே வெளிச்சம் இருக்கட்டும். கத்துவது, பின்னால் இருந்து அடிப்பது இரண்டும் வேண்டாம். அடி வாங்கி ஏறிய குதிரை அடுத்த முறை வண்டியைப் பார்த்தாலே மிரளும்.

இந்த வரிசையை மறக்காதீங்க: உள்ளே ஏறியதும் முதலில் பின்பக்கக் கட்டையைப் போடணும், அப்புறம்தான் தலைக்கயிற்றைக் கட்டணும். இறக்கும்போது முதலில் கயிற்றை அவிழ்க்கணும், அப்புறம்தான் பின்பக்கத்தைத் திறக்கணும். மாற்றிச் செய்தால், பின்னால் நகரும் குதிரை கயிறு இழுப்பதை உணர்ந்து மிரண்டு எகிறும். பெரிய விபத்துகள் நடப்பது அப்போதுதான்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். சிலர் ஆட்டம் போடாமல் இருக்க தலையைத் தூக்கி இறுக்கிக் கட்டுவார்கள். அது தவறு. குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியேறும். பல மணி நேரம் தலை மேலேயே இருந்தால் நுரையீரல் தொற்று வரலாம்.

மயக்க ஊசி போட்டு ஏத்திடலாமா? மருத்துவர் சொல்லாமல் கூடவே கூடாது. மருந்தில் தள்ளாடும் குதிரை ஓடும் வண்டியில் விழுந்துவிடும்.

வழியில்...

3 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி தண்ணீர் காட்டுங்கள். புது ஊர்த் தண்ணீரைச் சில குதிரைகள் தொடாது. பழகிய தண்ணீரை கேனில் கொண்டு போங்கள். தீவனத்தை லேசாக நனைத்துக் கொடுத்தால் தூசி பறக்காது.

நடுவழியில் உதைத்து ஆட்டம் போட்டால், ஓரமாக நிறுத்தி, பழகிய ஆள் மட்டும் வெளியே நின்று பேசிச் சமாதானப்படுத்த வேண்டும். குதிரைக்கும் பலகைக்கும் இடையில் போய் நிற்காதீர்கள். நெடுஞ்சாலையில் இறக்கவும் வேண்டாம்.

ஊர் வந்து சேர்ந்த பிறகு?

வேலை முடிந்துவிடவில்லை. அன்றே வண்டியில் பூட்டவோ ஓட்டவோ கூடாது. முதலில் தண்ணீர், நிழல், ஓய்வு. அடுத்த சில நாட்கள் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். குதிரையின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் போனாலோ, இருமல், மூக்கில் சளி, தீவனம் எடுக்காதது, அடிக்கடி வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது போன்றவை தெரிந்தாலோ உடனே மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

புதுக் குதிரையை ஏற்கெனவே இருக்கும் குதிரைகளோடு உடனே கட்டாதீர்கள். சுரப்பி நோய் எனும் கிளாண்டர்ஸ் மனிதர்களுக்கும் பரவக்கூடியது. சான்றிதழ் வெறும் காகிதம் இல்லை, உங்கள் வீட்டுக்கும் அதுதான் பாதுகாப்பு.

குதிரை வாங்கக் கிளம்பும் முன், பணத்தோடு சேர்த்து இந்த நாலையும் எடுத்து வையுங்கள்: சான்றிதழ், சரியான வண்டி, பழகிய ஆள், ஒரு முழு நாள்.