கினி பிக் சாப்பிட ஓடி வந்து, சாப்பிடாமல் திரும்புகிறதா? பிரச்சினை வயிற்றில் இல்லை, கடைவாய்ப் பல்லில் இருக்கலாம்

ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே 'வீக், வீக்' என்று வீட்டை ரெண்டாக்கும் உங்கள் கினி பிக், இரண்டு நாளாக வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஓடி வருகிறது, குடைமிளகாய்த் துண்டை வாயில் எடுக்கிறது, அப்புறம் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. 'பசி இல்லை போல' என்று நினைத்து நீங்கள் அடுத்த மீட்டிங்கில் உட்கார்ந்துவிடுவீர்கள்.

பசி இல்லாத பிராணி ஓடி வராது. அதற்குப் பசி இருக்கிறது, மெல்லத்தான் முடியவில்லை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் அதன் உயிரைக் காப்பாற்ற நேரம் கிடைக்கும். நாயோ பூனையோ ஒரு நாள் சாப்பிடாவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம். கினி பிக்கின் குடல் இடைவிடாமல் நார்ச்சத்து உள்ளே வருவதை நம்பியே இயங்குகிறது. உணவு நின்றால் குடல் அசைவு குறையும், வாயு சேரும், கல்லீரலும் பாதிக்கப்படும். 12 மணி நேரமாக எதுவுமே சாப்பிடவில்லை என்றால் அதை அவசர நிலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

20 பல், எதுவும் வளர்வதை நிறுத்தாது

பெயரில் 'பிக்' இருந்தாலும் இது பன்றி இனம் இல்லை, கினி நாட்டைச் சேர்ந்ததும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வளர்ப்புப் பிராணியாக மாறிய கொறிவிலங்கு இது. அங்கே கரடுமுரடான புல்தான் சாப்பாடு. நாள் முழுக்கப் புல்லை அரைத்தால் பல் தேயும், அதை ஈடுகட்டப் பல் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படித்தான் அதன் வாய் அமைந்திருக்கிறது.

மொத்தம் 20 பற்கள். முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு. மீதி 16 பற்களும் கன்னத்துக்குள்ளே பின்னால் மறைந்திருக்கும் கடைவாய்ப் பற்கள். இந்த 20 பற்களுமே வாழ்நாள் முழுக்க வளரும். எலிக்கு முன்பல் மட்டும்தான் அப்படி வளரும். கினி பிக்குக்குக் கடைவாய்ப் பல்லும் வளர்கிறது, சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

கடைவாய்ப் பற்கள் நேராக ஒன்றன் மேல் ஒன்று உட்காராமல் சாய்வாகப் பொருந்துகின்றன. தேய்மானம் குறைந்தால் கீழ்ப்பற்கள் உள்பக்கமாக, நாக்கை நோக்கி வளரும். மேல்பற்கள் வெளிப்பக்கமாக, கன்னத்தை நோக்கிப் போகும். கூர்முனை நாக்கைக் கிழிக்கலாம். இன்னும் முற்றினால் இரு பக்கக் கீழ்ப்பற்களும் நாக்குக்கு மேலே பாலம் போலச் சேர்ந்துகொள்ளும். நாக்கு அடியில் மாட்டிக்கொண்டால் விழுங்க முடியாது. உணவை எடுத்துவிட்டுக் கீழே போடுவதற்குக் காரணம் இதுதான்.

வளர்ச்சி வாய்க்குள் மட்டும் நடப்பதும் இல்லை. பல்லின் வேர்ப்பகுதி தாடை எலும்புக்குள்ளேயும் நீளும். மேல்பல் வேர்கள் கண்குழிக்குப் பக்கத்தில் இருப்பதால் கண்ணில் நீர் வடியலாம், கண் துருத்திக்கொண்டு வரலாம். கீழ்த்தாடையின் ஓரத்தில் கைக்குத் தட்டுப்படும் புடைப்பு வேர் நீண்டதாலோ சீழ்க்கட்டியாலோ இருக்கலாம். கினி பிக்கின் சீழ் பற்பசை மாதிரி கெட்டியானது, தானாக வடிந்து ஆறாது. பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி.

முன்பல்லைப் பார்த்து ஏமாறாதீங்க

பலரும் உதட்டைத் தூக்கி முன்பல்லைப் பார்த்துவிட்டு, 'நல்லாத்தானே இருக்கு' என்று விட்டுவிடுகிறார்கள். முன்பல் வெள்ளையாக, நேராக, கீழ்ப்பல் மேல்பல்லைவிட நீளமாக இருப்பது இயல்பு. ஆனால் முன்பல் சரியாக இருந்தால் பின்பல்லும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறாக, முன்பல் நீண்டுபோயிருந்தாலோ கோணலாகத் தேய்ந்திருந்தாலோ, பெரும்பாலும் அது பின்னால் இருக்கும் பிரச்சினையின் விளைவு. கடைவாய் வலிப்பதால் ஒரு பக்கமாக மெல்லும், முன்பல் சரியாகத் தேயாது. பெட் ஷாப்பில் 'குடுங்க, வெட்டித் தர்றேன்' என்று நகவெட்டியை எடுப்பவர் முன்பல்லை மட்டும் வெட்டுவார், காரணம் உள்ளேயே இருக்கும். நகவெட்டியால் வெட்டினால் பல் நீளவாக்கில் பிளந்து, விரிசல் வேர் வரை போகும், அதன் வழியே கிருமியும் இறங்கும். இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-இன்படி கால்நடை மருத்துவம் செய்யப் பதிவு பெற்றவர்களுக்குத்தான் உரிமை. கடைக்காரருக்கு இதில் வேலை இல்லை.

கையிலிருந்தோ சோஃபாவிலிருந்தோ விழுந்து முன்பல் உடைவது வேறு கதை. வேர் சேதமாகாமல் இருந்தால் சில வாரங்களில் அது திரும்ப வளர்ந்துவிடும். அதுவரை காய்கறியை நீளமாக, மெல்லிசாக நறுக்கிக் கொடுங்கள். ஈறில் ரத்தம் வந்தாலோ, பல் கோணலாக வளர்ந்தாலோ டாக்டர் பார்க்கணும்.

உங்க கிச்சன் தராசு போதும்

கினி பிக் வேட்டையாடப்படும் பிராணி. வலியைக் காட்டினால் பருந்துக்கு இரையாகிவிடும் என்பதால் மறைத்துப் பழகியிருக்கிறது. பல் பிரச்சினை வெளியே தெரியும்போது அது பல வாரங்களாக உள்ளே நடந்துகொண்டிருந்திருக்கும். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது எடை.

மாவு அளக்கும் டிஜிட்டல் தராசில் ஒரு டப்பாவை வைத்து, வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் எடை பார்த்து போனில் குறித்து வையுங்கள். வளர்ந்த கினி பிக் பொதுவாக 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். 900 கிராம் இருந்தது 850 ஆனால் தினமும் எடை பார்க்க ஆரம்பியுங்கள். பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 கிராம் குறைந்துவிட்டால் வீக்எண்ட் வரை காத்திருக்கக் கூடாது. பார்க்கும்போது புசுபுசுவென்றுதான் இருக்கும். முடிக்கு அடியில் ஒட்டிப்போன உடம்பு கண்ணுக்குத் தெரியாது.

கூடவே கவனிக்க வேண்டியவை சில. தாடையும் கழுத்தும் எச்சிலில் நனைந்திருப்பது, புழுக்கை சிறுத்துப்போவது அல்லது குறைவது, காய்ந்த புல்லை விட்டுவிட்டு மெத்தென்ற காய்களை மட்டும் தேடுவது. கடைசியாகச் சொன்னதை 'செல்லம் ஜாஸ்தியாயிடுச்சு' என்று சிரித்து ஒதுக்குவது நம்மிடையே சகஜம். ஆனால் கடினமானதை மெல்ல வலிக்கிறது என்பதன் முதல் அடையாளமே அதுதான்.

இரண்டு கினி பிக் சேர்ந்து வாழும் வீட்டில் கிண்ணம் காலியாவதை வைத்து முடிவுக்கு வராதீங்க. இரண்டின் பங்கையும் ஒன்றே சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

மரக்கட்டை பத்தாது, புல்தான் வேணும்

கடிக்க மரக்கட்டையும் தாது உப்புக் கல்லும் கடைகளில் விற்கிறார்கள். மரக்கட்டையைக் கடித்தால் தேய்வது முன்பல் மட்டுமே. உப்புக் கல் தேவையே இல்லை, கால்சியம்தான் கூடும். கடைவாய்ப் பல்லைத் தேய்ப்பது நீளமான புல்லை மணிக்கணக்கில் அரைக்கும் அசைவு. சாப்பாட்டில் சுமார் 80 சதவீதம் காய்ந்த புல்லாக இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

இந்தியாவில் சிக்கலே இங்கேதான். இறக்குமதியாகும் திமோத்தி ஹே விலை அதிகம், எல்லா ஊரிலும் எப்போதும் கிடைப்பதும் இல்லை. அதனால் பலர் பெல்லட்டையும் விதை கலந்த 'மிக்ஸ்' உணவையும் கிண்ணம் நிறையக் கொட்டிவிடுகிறார்கள். பெல்லட் வாயில் பட்டதும் நொறுங்கிவிடும், அரைக்க வேலையே இல்லை. தினமும் ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன் பெல்லட் போதும். விதை, சோளம், உலர்பழ மிக்ஸ் வேண்டவே வேண்டாம்.

திமோத்தி கிடைக்காவிட்டால் ஓட்ஸ் பயிரின் ஹே, ரோட்ஸ் புல் ஆகியவை நல்ல மாற்று. அருகம்புல்லும் தரலாம். பிள்ளையாருக்குச் சாத்த நாடு முழுக்க விற்கப்படும் அதே புல்தான். பூச்சிமருந்தோ சாலையோரப் புகையோ படாததா என்று பார்த்து, நன்றாக அலசிக் கொடுங்கள். பழக்கமில்லாத கினி பிக்குக்குப் பச்சைப் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், இல்லையென்றால் வயிறு உப்பிவிடும். குதிரை மசால் எனப்படும் லூசர்ன் சத்தானது, ஆனால் கால்சியம் மிக அதிகம். குட்டிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் கொடுக்கலாம். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும், சாப்பாட்டுக்குச் சத்து போதாது.

எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தும் சிலவற்றுக்குப் பல் கோணலாகும். பரம்பரைக் காரணமும் உண்டு. அப்படிப்பட்ட கினி பிக்கை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள்.

ஈறும் வைட்டமின் சி-யும்

மனிதர்களைப் போலவே கினி பிக்காலும் தன் உடலில் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் 1907-இல் கினி பிக்குகளுக்குத் தானிய உணவை மட்டும் கொடுத்தபோது அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. மனிதர்களின் ஸ்கர்வியைப் புரிந்துகொள்ள உதவிய ஆய்வு அது. பல்லைத் தாடையோடு பிடித்துவைக்கும் திசுவுக்குக் கொலாஜன் தேவை, கொலாஜன் உருவாக வைட்டமின் சி தேவை. அது குறைந்தால் பல் ஆடும், ஈறில் ரத்தம் வரும், மூட்டு வலிக்கும்.

ஒரு கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். தினம் ஒரு துண்டு குடைமிளகாயும் கொஞ்சம் கொத்தமல்லியும் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பது வீண். வைட்டமின் சீக்கிரம் சிதைந்துவிடும், சுவை மாறினால் தண்ணீரையே குடிக்காமல் விட்டுவிடும். பெல்லட்டிலும் சாதாரண வைட்டமின் சி சில மாதங்களில் குறைந்துபோகும். அதனால் ஆன்லைனில் ஆஃபரில் பெரிய மூட்டையை வாங்குவதற்கு முன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். சில்லறையாக நிறுத்துத் தரும் 'ராபிட் ஃபீட்' கினி பிக்குக்கானது அல்ல. முயலுக்கு வைட்டமின் சி வெளியிலிருந்து தேவையில்லை என்பதால் அதில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

டாக்டரிடம் என்ன கேட்கணும்?

நம் ஊர்களில் பெரும்பாலான கிளினிக்குகள் நாய், பூனை பார்த்துப் பழகியவை. 'எக்ஸாட்டிக்' பிராணிகளைப் பார்க்கும் டாக்டரின் நம்பரை இன்றைக்கே தேடி வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி 11 மணிக்கு அது கிடைக்காது. அப்படி யாரும் இல்லாத ஊரில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை முதலில் விசாரியுங்கள். சென்னையில் வேப்பேரி, பெங்களூருவில் ஹெப்பால் போல எக்ஸ்ரே, மயக்க மருந்து வசதி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் வாய்ப்பு அங்கே அதிகம்.

கினி பிக்கின் வாய் மிகக் குறுகலானது, கன்னச் சதை உள்ளே மடிந்து பின்பற்களை மறைக்கும். விழித்திருக்கும்போது டார்ச் அடித்துப் பார்ப்பது முதல் கட்டம் மட்டுமே. முழுதாகத் தெரிய மயக்க நிலையில் பரிசோதனையும் தலைப்பகுதி எக்ஸ்ரேயும் வேண்டும், வசதி இருந்தால் சிடி ஸ்கேன். 'முயல், கினி பிக்குக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கம் உண்டா? பல்லை டிரில்லால் தேய்ப்பீர்களா, கட்டரால் வெட்டுவீர்களா?' என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். டிரில் என்பதே சரியான பதில். நாய்க்குப் போல முந்தின இரவே பட்டினி போடச் சொன்னால், கினி பிக்குக்கும் அது பொருந்துமா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். நீண்ட பட்டினி அதற்கு ஆபத்து.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. சீழ்க்கட்டி என்றதும் நாய், பூனைக்கு வழக்கமாக எழுதப்படும் ஆன்டிபயாட்டிக் அமாக்ஸிசிலின். வீட்டு மருந்துப் பெட்டியிலும் அது இருக்கும். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா அழியும். அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கும். சில நாள்களிலேயே உயிர் போய்விடலாம். சீட்டில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் மெடிக்கலுக்குப் போகும் முன் டாக்டரிடமே திரும்பக் கேளுங்கள். என்ரோஃப்ளாக்ஸசின், ட்ரைமெத்தோபிரிம்-சல்ஃபா போன்ற பாதுகாப்பான மாற்றுகள் இருக்கின்றன. அளவை அவர்தான் முடிவு செய்யணும்.

வலி மருந்து இல்லாமல் அனுப்பினால் அதையும் கேளுங்கள். வலிக்கும் வரை சாப்பிடாது. பாராசிட்டமாலை உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

வீட்டில் ஊட்டும்போது

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில நாள்கள் சிரிஞ்சில் ஊட்ட வேண்டியிருக்கும். தாவர உண்ணிகளுக்கான 'ரெக்கவரி' பொடியைக் குழைத்துக் கொடுக்கலாம். அது கைக்கு வரும்வரை வழக்கமான பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்து, மிக்ஸியில் மையாக அரைத்து, ஆறவைத்துத் தரலாம். முதுகில் மல்லாத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். டவலில் சுற்றி, நிமிர்ந்த நிலையில் மடியில் வைத்து, முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் சிரிஞ்சை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். மென்று விழுங்கிய பிறகு அடுத்த வாய். மொத்த அளவை டாக்டரிடம் கேட்டு, இரவு உட்பட நாள் முழுக்கப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ரூம்மேட்டோடு முறை போட்டுக்கொண்டால் ஆபீஸுக்கும் போகலாம்.

அதோடு முடிந்துவிடுமா?

ஆரம்பத்திலேயே பிடித்து, உணவையும் மாற்றினால் சிலவற்றுக்கு ஓரிரு சிகிச்சையிலேயே சரியாகிவிடும். ஆனால் கடைவாய்ப் பல்லின் வேரும் கோணமும் மாறிவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் பிரச்சினை. நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை மயக்கம் கொடுத்துத் தேய்க்க வேண்டி வரலாம், ஒவ்வொரு மயக்கத்திலும் ஆபத்து உண்டு. செலவும் ஒரு தடவையோடு நிற்காது. முதல் சிகிச்சைக்கு முன்பே, 'இது எத்தனை முறை தேவைப்படும், ஒரு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்' என்று வெளிப்படையாகக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தாடை எலும்பு வரை சீழ் பரவி, ஊட்டினாலும் எடை இறங்கிக்கொண்டே போனால், வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றி டாக்டரே பேசக்கூடும். அந்தப் பேச்சை நீங்களும் எடுக்கலாம். வாரக்கணக்கில் எழுதி வைத்த எடைக் குறிப்பை அப்போது காட்டுங்கள். சிகிச்சை உதவுகிறதா, வலியை மட்டும் நீட்டிக்கிறதா என்று இருவரும் அதை வைத்துப் பேச முடியும்.