நெய்து காட்டப் போகிறீர்களா?

சகோதரிகளே! கண்காட்சி என்றால், முடித்த பாயையும் விரிப்பையும் மேசையில் அடுக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறோம். வருகிறவர் விலை கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். வேலை செய்யும் கையைக் காட்டினால்தானே உழைப்பு விளங்கும்?

1990 அக்டோபரில் முல்லைத்தீவு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, பன் விளையும் குளக்கரைகளும் தூரமாகிப் போயின. அகதி முகாமில் வளர்ந்த மகளுக்குப் பாய் இழைக்க யார் காட்டிக் கொடுத்திருப்பார்? மீண்டு வந்த மண்ணில் அவளுக்கும் சேர்த்தே காட்டுங்கள்.

முதலில் கம்பளி நூலில் தொடங்குங்கள். தடிப்பான நூல் தூரத்திலிருந்தும் தெரியும். கெட்டி அட்டையின் மேலும் கீழும் 15 வெட்டுகள் போட்டு, பருத்தி நூலால் பாவு ஓட்டுங்கள். கம்பளி நூல் இழுபடும், பாவுக்கு ஆகாது. அதை ஊடாகப் போடுங்கள். இறுக்கி இழுத்தால் ஓரம் ஒடுங்கும். வில்போல் வளைத்துப் போட்டுச் சீப்பால் தட்டுங்கள்.

பாவு மட்டும் ஓட்டியது, பாதி நெய்தது, முடித்தது என மூன்று அட்டைகளை வரிசையாக வையுங்கள். நான்காவதை வரும் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். பக்கத்தில், பன் இழைக்கத் தெரிந்த உம்மா ஒருவரை இருத்துங்கள். இரண்டு வரி நெய்து பார்த்த பிள்ளை, நாளை பாய் வாங்கும்போது பேரம் பேசத் தயங்கும்.