கல் உடைப்பவரின் கொம்பு

2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் அள்ளிய இடத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிளம்பின. டைனோசர் முட்டை என்று செல்போன்களில் செய்தி பறந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, முட்டையல்ல, பழங்கடலில் உருண்டு திரண்ட படிவுகள், அம்மோனைட் வகையறா என்று சொன்னார்கள். சப்பென்று ஆகிவிட்டது ஊருக்கு. எனக்கோ அங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. இந்த மண்ணில் கிடைக்கும் அம்மோனைட்டுகளுக்குத் தனித்தனியாகப் பெயர் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு ஜெர்மன் பேசியவர்களின் குடும்பப்பெயரே வாய்த்திருக்கிறது.

குடும்பப்பெயர் என்பது நமக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். பெரம்பலூரிலிருந்தோ ஜெயங்கொண்டத்திலிருந்தோ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் பையன், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கடிக்கிறான். கடைசியில் அப்பா பெயரை எழுதிவைக்க, துபாய் அலுவலகத்தில் அப்பா பெயரைச் சொல்லியே இவனைக் கூப்பிடுகிறார்கள். நம்மிடமும் பெயருக்குப் பின்னால் ஒட்டு இருந்தது. அது சாதிப் பட்டமாக இருந்ததால், 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் விட்டும்விட்டார்கள்.

ஜெர்மனியில் கதை வேறு. இடைக்காலத்தில் நகரங்கள் பெருத்து, ஒரே தெருவில் நாலு ஹான்ஸ் குடியிருக்க நேர்ந்தபோது, ஆளை அடையாளம் காட்ட அவரவர் தொழிலைச் சேர்த்துச் சொன்னார்கள். மாவரைப்பவர் ம்யுல்லர், கொல்லர் ஷ்மிட், தையற்காரர் ஷ்னைடர், மீனவர் ஃபிஷர், நெசவாளி வேபர். இன்றைக்கும் ஜெர்மனியில் மிகப் பரவலான குடும்பப்பெயர்களின் பட்டியலை எடுத்தால் தலையில் இவைதான் வரிசையாக நிற்கும், முதலிடம் ம்யுல்லருக்கு. ஆலையை விட்டுப் பல தலைமுறை ஆன பிறகும் பேராசிரியர் ம்யுல்லர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருப்பதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. கொல்லர் மகள் தையற்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போகத் தடையில்லாத ஊரில் தொழில்பெயர் வெறும் பெயராக ஆறிப்போனது. நம் ஊரில் அது ஆறவில்லை, அதனால்தான் அறுக்க வேண்டியிருந்தது.

இந்தத் தொழில்பெயர்களில் ஒன்று ஹௌவர். வெட்டுபவர் என்று பொருள். சுரங்கத்தில் பாறையை வெட்டி எடுப்பவர் ஹௌவர். கல் வெட்டினால் ஷ்டைன்ஹௌவர், மரம் வெட்டினால் ஹோல்ட்ஸ்ஹௌவர், கறி வெட்டினால் ஃப்ளைஷ்ஹௌவர். ஆஸ்திரியாவில் திராட்சைத் தோட்டத்தில் மண் வெட்டிப் பாடுபடுபவருக்கும் இதே பெயர்தான். ம்யுல்லர் அளவுக்கு எங்கும் பரவிய பெயரல்ல. 'பிளேடு ரன்னர்' படம் பார்த்தவர்கள் ருட்கர் ஹௌவரை நினைத்துக்கொள்வார்கள். அவர் டச்சுக்காரர், அங்கேயும் இந்தப் பெயர் உண்டு.

நமக்கு வேண்டியவர் வியன்னாக்காரர்: ஃப்ரான்ஸ் ஃபான் ஹௌவர், 1822-ல் பிறந்தவர். ஆஸ்திரியப் பேரரசின் நிலவியல் நிறுவனத்துக்கு 1866 முதல் 1885 வரை இயக்குநர். பாறை வெட்டுபவர் என்ற பெயர் கொண்ட குடும்பத்தில் பிறந்து, பாறையைப் படிப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டவர். 1894-ல் அல்பேர் த குரோசூவ்ர் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர், தட்டையாகவும் வழவழப்பாகவும் விளிம்பில் கத்திமுனை போன்ற வரப்போடும் இருந்த ஓர் அம்மோனைட் பேரினத்துக்கு 'ஹௌவெரிசெரஸ்' என்று பெயர் சூட்டினார். 'கெரஸ்' என்பது கிரேக்கத்தில் கொம்பு. ஆக, ஹௌவரின் கொம்பு. அரியலூர் அடுக்குகளில் இந்தக் கொம்பு கிடைக்கிறது.

அம்மோனைட் என்பது கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்து உறவான, சுருள் ஓடு சுமந்த கடல் உயிரி. பூஜையறையில் இருக்கும் சாளக்கிராமமும் ஓர் அம்மோனைட்தான், இமயத்திலிருந்து வந்தது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் காரை, குன்னம், அரியலூர் வட்டாரமெல்லாம் கடலுக்கடியில் கிடந்தன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து இந்த இனமும் பூண்டோடு போனது.

இந்தக் கற்களை உலகத்துக்குச் சொன்னவர்கள் முதலில் ஆங்கிலேயர்கள். கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கம் பொறுக்கிய படிவங்களை 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். அவர் தன் நாட்டுக்காரர் பெயர்களோடு நின்றுவிடவில்லை. பிரம்மா, விஷ்ணு, இந்திரன், சூரியன் என்று நம் தெய்வங்களை எடுத்து அம்மோனைட்டுகளுக்கு வைத்தார். அதற்குப் பின் 1862-ல் பிளான்ஃபோர்டு இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அதே ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா. வியன்னாவில், ஹௌவர் பின்னாளில் தலைமை ஏற்ற அதே நிறுவனத்தில், வேலை பார்த்துவிட்டு வந்தவர். தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் காலத்து உயிரிகளைப் பற்றி நான்கு தடித்த தொகுதிகள் எழுதி 1873-ல் முடித்தார். மறு ஆண்டே லடாக்கின் மலை உச்சிகளைக் கடந்து திரும்பும் வழியில், முர்கோ என்ற இடத்தில் இறந்தார். வயது 36. இந்தியாவின் பழங்கடலைப் பற்றி அவ்வளவு எழுதிய மனிதருக்கு லே நகரத்தில் கல்லறை. ஊட்டத்தூர் அடுக்கிலும் கிடைக்கும் 'ஸ்டோலிச்காயா' என்ற அம்மோனைட் அவர் பெயரில் இருக்கிறது.

ஜெர்மனிலும் எழுதினாரே தவிர, ஸ்டோலிச்காவின் பெயர் ஜெர்மன் அல்ல. செக் மொழியில் சின்ன நாற்காலி என்று அதற்குப் பொருள். இந்தக் கற்களை அடுத்து ஆராய்ந்த ஃப்ரான்ஸ் கோஸ்மாட்டும் அப்படித்தான்: வியன்னாவில் பிறந்தவர், லைப்சிக்கில் பேராசிரியர், பெயரில் இருப்பதோ ஸ்லாவியச் சொல், 'முடி அடர்ந்த' என்று பொருள். ஆஸ்திரியப் பேரரசு என்பதே பல மொழிக் கலவை என்பதை இந்தப் பெயர்ப் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஜெர்மன் குடும்பப்பெயர் என்று நாம் நினைக்கும் பலவற்றைச் சுரண்டினால் அடியில் வேறொரு மொழி எட்டிப் பார்க்கும்.

கோஸ்மாட்டுக்குக் கிடைத்த பெருமை கொஞ்சமல்ல. ஹௌவரின் பெயரைச் சூட்டிய அதே குரோசூவ்ர் 1901-ல் 'கோஸ்மாட்டிசெரஸ்' வைத்தார். பிறகு வேறு சிலர் 'கோஸ்மாட்டியா', 'கோஸ்மாட்டெல்லா' என்று அடுக்கினார்கள். ஒரு குடும்பமே கோஸ்மாட்டிசெரடிடே ஆகிவிட்டது. அதன் உறுப்பினர்கள் அண்டார்டிகாவின் பாறைகளில் ஏராளம். லைப்சிக் தொலைபேசிப் புத்தகத்தில் கோஸ்மாட்டுகளைத் தேடுவதைவிடத் தென்துருவத்துப் பாறையில் தேடுவது எளிது.

கோஸ்மாட் ஆராய்ந்த கற்களில் பெரும்பகுதியைச் சேகரித்துக் கொடுத்தவர் டாக்டர் வார்த். காவல் மேடு, நோட்டமிடும் இடம் என்பது இந்தப் பெயரின் வேர். பஞ்சாபின் கேவ்ரா உப்புச் சுரங்கத்தில் 1872-ல் பிரதான சுரங்கப்பாதையை அமைத்தவரும் இவரே. பாடாலூருக்குப் பக்கத்து ஊட்டத்தூர்ப் பகுதியில் பாஸ்பேட் உருண்டைகள் இருப்பதை ஆராய்ந்து, 200 அடி ஆழம் வரை 80 லட்சம் டன் தேறும் என்று கணக்குச் சொன்னார். உரமாகும் என்ற கனவு. அது நடக்கவில்லை, உருண்டைகள் சிதறிக் கிடப்பதால் தோண்டும் கூலிக்குக் கட்டுப்படியாகவில்லை.

கட்டுப்படியானது சுண்ணாம்புக்கல். கல்லங்குறிச்சிப் பக்கத்துப் பாறை கிட்டத்தட்ட முழுக்கச் சிப்பி ஓடுதான். 1979-ல் அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை வந்தது, தனியார் ஆலைகள் சுற்றிலும் முளைத்தன. வெடி வைத்துப் பெயர்த்து, லாரியில் ஏற்றி, அரைத்து, சூளையில் போட்டுச் சிமென்டாக்கிவிடுகிறோம். பாறை வெட்டும் தொழிலாளிகள் இன்றைக்கு ஆயிரக்கணக்கில் இருப்பது இங்கேதான். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் வைத்திருப்பது நல்ல காரியம், ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து சேர்வது ஒரு பிடி. லாரியில் போவது ஒரு மலை. குவாரிக்கு அனுமதி கொடுக்கும்போதே படிவங்களைப் பொறுக்கப் பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் அங்கே நிற்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் ஆலைகளுக்குப் பெரிய செலவு வந்துவிடாது.

பெயர்ப் போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. ஃபோர்ப்ஸ் வைத்த பிரம்மாவை எடுத்து 1897-ல் 'பிரம்மைட்டிஸ்' என்று ஒரு பேரினமாகவே உயர்த்தியவர் கோஸ்மாட். இங்குள்ள கரப்பாடி என்ற ஊர்ப் பெயரை வைத்து ஓர் அம்மோனைட் இனத்துக்கு 'கரபாடென்சிஸ்' என்று பெயரிட்டவரும் அவரே. பின்னாளில் மோரிஸ் கொலிஞோன் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி, மடகாஸ்கர் அம்மோனைட்டுகளைப் பற்றி எழுதும்போது, அந்த இனத்தை முன்மாதிரியாக வைத்து 'கரபாடைட்டிஸ்' என்ற புதுப் பெயரை உண்டாக்கினார். வகைப்பாட்டில் அது இன்று கோஸ்மாட்டிசெரஸின் கீழ் அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகிறது: வியன்னாக்காரரின் குடும்பப்பெயர் முதலில், நம் ஊர்ப் பெயர் இரண்டு தடவை அதன் பின்னால்.