சோறு வரும் வழி

அரிசி எங்கிருந்து வருகிறது என்று ஒரு சிறு குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். "கடையிலிருந்து" என்று தயங்காமல் பதில் வரும். நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற தஞ்சையில் பிறந்த குழந்தையும் அப்படித்தான் சொல்லும். ஆகவே, உணவு வரும் வழியை வீட்டிலும் பள்ளியிலும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவது அவசியமாகும்.

முதலில் நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் தேங்கும் காவிரி நீர், கல்லணையில் பல கிளைகளாகப் பிரிந்து நம் வயல்களுக்கு வருகிறது. நீர் இருப்புப் போதுமானதாக இருந்தால், குறுவைக்காக ஜூன் 12ஆம் நாள் அணை திறக்கப்படும். ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2500 லிட்டர் நீர் வேண்டும் என்று கணக்கிட்டுள்ளனர். நாம் தட்டில் ஒதுக்கும் ஒரு பிடிச் சோற்றுடன் குடம் குடமாக நீரும் வீணாகிறது.

அடுத்தது உழைப்பு. நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பறித்து, முடி கட்டி, சேற்றில் நாள் முழுவதும் குனிந்து நடுபவர்கள் பெரும்பாலும் பெண்களே. களை பறிப்பவர்களும் அவர்களே. இக்காலத்தில் அறுவடையைப் பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. நடவுக்கு வட மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர்.

மூன்றாவது கூலி. இதைத்தான் நாம் குழந்தைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். பண்ணையாட்களைக் காக்க 1952லேயே சட்டம் வந்தது. ஆயினும் அன்றைய கீழத்தஞ்சையில் கூலிச் சண்டை ஓயவில்லை. கீழவெண்மணி என்னும் சிற்றூரில் விவசாயக் கூலிகள் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டனர். 1968 டிசம்பர் 25ஆம் நாள், உலகமே கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அந்த இரவில், ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த தலித் மக்கள் 44 பேர் தீ வைத்துக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுவித்தது.

அச்செய்தி கேட்டு அங்கு வந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையார். அவரும் அவருடைய கணவரும் 1981இல் உழுபவனின் நிலவுரிமை இயக்கத்தைத் தொடங்கினர். அதன் மூலம் நிலமற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, பெண்களின் பெயரிலேயே நிலம் கிடைத்தது. நட்ட கைகளுக்கே நிலம் சொந்தமானது எவ்வளவு பெரிய மாற்றம்!

அன்புத் தோழியரே! நடவுக் காலத்தில் நம் தம்பி தங்கையரை வயலுக்கு அழைத்துச் செல்வோம். வேடிக்கை காட்டுவதோடு நின்றுவிடாமல், நடவு நடும் அம்மாக்களோடு பேசவும் செய்வோம். "இந்த நீர் எங்கிருந்து வருகிறது? நடுபவர் யார்? அவருக்கு என்ன கூலி?" என்று கேட்கப் பழக்குவோம். சோற்றை வீணாக்காதே என்று சொல்லிக் கொடுப்பது பாதிப் பாடம்தான். அதை விளைவித்தவர் வீட்டிலும் வயிறாரச் சோறு இருக்க வேண்டும் என்று எண்ணச் செய்வதே மீதிப் பாடம். உண்ணுமுன் நாம் சொல்லும் நன்றி செபத்தில் அவர்களையும் நினைப்போமாக.

— பத்தாம் வகுப்பு மாணவி