யார் அனுப்பிய நோய்?

படப்பையில், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் ஒரு தேநீர்க் கடை. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம், ஊரடங்கு வருவதற்குச் சில தினங்கள் முன்பு, அங்கே பெஞ்சியில் அமர்ந்திருந்தோம். "சீனாக்காரன் வேணும்னே கிளப்பி விட்டுட்டான், வாத்தியாரய்யா!" என்றார் பெரியவர் ஒருவர். ஒரகடம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வாலிபன் ஒருவன் கைபேசியை நீட்டி, "இல்லீங்க தாத்தா, அமெரிக்கப் பட்டாளத்துக்காரன்தான் அங்கே கொண்டுபோய் விட்டானாம். சீன சர்க்கார் ஆளே சொல்லியிருக்காரு" என்றான்.

சொல்லியிருந்தது உண்மைதான். சீன வெளிநாட்டு இலாகாவின் பிரதிநிதி சாவோ லிஜியான் அம்மாதம் 12-ம் தேதி அவ்வண்ணம் எழுதியிருந்தார். ஒப்பத்தக்க ஆதாரம் மட்டும் காட்டவில்லை. அந்நோயின் மூலம் எது என்று விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். தேநீர்க் கடையிலோ அன்றே தீர்ப்புக் கூறியாகிவிட்டது.

இது புதிய வழக்கமன்று. மேகநோய்களில் கொடியதொன்றை நம் முன்னோர் 'பறங்கிப்புண்' என்றார்கள். அதையே இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றார்கள். ருஷ்யர் போலந்து நோய் என்றார்கள். அதற்கு நம் வைத்தியர்கள் கொடுத்த பறங்கிப்பட்டையோ சீனதேசத்துச் சரக்கு! ஆனால் இவையெல்லாம் ஜனங்கள் தாமாகக் கட்டிய பெயர்கள். ஒரு வல்லரசு உட்கார்ந்து யோசித்து, நம் தேசத்துப் பத்திரிகையையே விளைநிலமாக்கிப் பயிரிட்ட பொய் ஒன்று உண்டு. அதைத்தான் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1983-ம் வருஷம் ஜூலை மாதம், சோவியத் நாட்டின்பால் அனுதாபம் கொண்ட 'பேட்ரியட்' என்னும் டில்லிப் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளியாயிற்று. எழுதியவர் பிரபல அமெரிக்க விஞ்ஞானி என்று போட்டிருந்தது, பெயர் இல்லை. எய்ட்ஸ் நோய் அமெரிக்க ராணுவத்தின் டெட்ரிக் கோட்டையில் உற்பத்தி செய்யப்பட்டது என்றும், அடுத்த சோதனைகள் பாகிஸ்தானில் நடக்கப்போகின்றன என்றும் அது கூறிற்று. பாகிஸ்தான் என்ற சொல்லைச் சேர்த்தவர்கள் நம்மை நன்கு அறிந்தவர்கள்தான்! இரண்டு வருஷங்கள் கழித்து, 1985 அக்டோபரில், மாஸ்கோவின் இலக்கியப் பத்திரிகை ஒன்று, "இந்தியப் பத்திரிகையே எழுதியிருக்கிறது" என்று அதை மேற்கோள் காட்டிற்று. பிறகு கிழக்கு ஜெர்மனியில் ஜேகப் செகல் என்ற பேராசிரியர் அதற்குச் சாஸ்திர வேஷம் கட்டினார். 1987-க்குள் எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் கதை அச்சேறிவிட்டது.

ஜனங்கள் ஏன் நம்பினார்கள்? கதையில் மெய்யும் கலந்திருந்தது. டெட்ரிக் கோட்டையில் 1969 வரையில் கிருமி ஆயுத வேலை நடந்தது உண்மை. டஸ்கீகியில் ஏழை நீக்ரோக்களின் மேகநோய்க்குச் சிகிச்சை தராமல் 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்ததும் உண்மை. ஆகவே சந்தேகித்தவர்களை மூடர் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் 1959-ல் காங்கோவில் எடுத்து வைத்த ரத்தத்திலேயே இக்கிருமி இருப்பது பிற்பாடு தெரியவந்தது. ஜீவ அணுக்களை வெட்டி ஒட்டும் வித்தையோ 1970-களில்தான் பிறந்தது!

கதை கட்டிய சோவியத் சர்க்காரின் வீட்டிலும் ஒரு மர்மம் இருந்தது. 1979 ஏப்ரலில் ஸ்வெர்ட்லாவ்ஸ்க் நகரில் ஆந்த்ராக்ஸ் நோயால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கெட்டுப்போன மாமிசமே காரணம் என்று சாதித்தார்கள். பின்னர் மாண்டவர்களின் இருப்பிடங்களை வரைபடத்தில் குறித்தபோது, அவை ராணுவத் தொழிற்சாலையிலிருந்து காற்றடித்த திசையில் ஒரே கோடாக விழுந்தன. 1992-ல் எல்ட்சின் உண்மையை ஒப்புக்கொண்டார். எய்ட்ஸ் கதை தங்கள் கைவரிசையே என்று ருஷ்ய ஒற்றுத் தலைவர் பிரிமகோவ் ஒப்புக்கொண்டதும் அதே வருஷத்தில்தான்.

இதற்கிடையில் நம் ஊரில் என்ன நடந்தது? எய்ட்ஸ் அந்நிய தேசத்துச் சமாசாரம், நமக்கு வராது என்று படித்தவர்களே இருந்தார்கள். சென்னை வைத்தியக் கல்லூரியில் டாக்டர் சுநிதி சாலமன் மட்டும், சோதித்துப் பார்த்தால் என்ன என்று நினைத்தார். அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா, பிடித்து வைக்கப்பட்டிருந்த விலைமாதர்களிடம் தயக்கத்தோடு சென்று, மூன்று மாதங்களில் எண்பது பேருக்குமேல் ரத்தம் எடுத்தார். குழாய்களைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில், சமையல் பண்டங்களுக்கு அருகே வைத்தார். கணவரோடு இரவு ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார். பரிசோதனையில் ஆறு குழாய்கள் மஞ்சள் நிறம் காட்டின.

1986 மே மாதம் சுகாதார மந்திரி ஹண்டே சட்டசபையில் செய்தியை வெளியிட்டார். கேட்டவர்கள் பலர், பரிசோதனையில்தான் பிழை என்றார்கள்.