ஹைதர் அலி பெயரில் ஓர் அமெரிக்கக் கப்பல்! - வரலாற்று ஆசிரியர்களுக்கு எந்தப் பயிற்சி தேவை?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், சமூக அறிவியல் புத்தகத்தில் ‘புரட்சிகளின் காலம்’ பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். அமெரிக்க விடுதலைப் போர் அதில்தான் வருகிறது. பாஸ்டன் தேநீர் விருந்து 1773, சுதந்திரப் பிரகடனம் 1776 என்று மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால், ‘எங்கேயோ நடந்த சண்டைக்கும் நம்ம காட்டுப்பாக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?’ என்று ஒரு மாணவி கேட்டால், ஆசிரியர் என்ன சொல்வார்?

சம்பந்தம் இருக்கிறது!

பாஸ்டனில் கடலில் கொட்டப்பட்டது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. அதே கம்பெனிதான் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து சென்னையை ஆண்டது.

1778-ல் அமெரிக்கர்களுடன் பிரான்ஸ் கைகோத்தது. உடனே இந்தியாவில் இருந்த பிரெஞ்சுப் பகுதிகளை ஆங்கிலேயர் பிடிக்கத் தொடங்கினர். 1779-ல் மாஹே வீழ்ந்தது. கோபமடைந்த ஹைதர் அலி, மறு ஆண்டு ஆற்காட்டுச் சீமைக்குள் படையுடன் நுழைந்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கம்பெனிப் படைக்குப் படுதோல்வி. பரங்கிமலையிலிருந்து போன இன்னொரு படையும், பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுத் திரும்பியது. அந்தப் பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில்தான் இன்று காட்டுப்பாக்கம் இருக்கிறது.

பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலியின் பெயரையே வைத்தார்கள். 1782 ஏப்ரலில் அது ஒரு பிரிட்டிஷ் கப்பலைச் சிறைபிடித்தது.

ஆசிரியருக்கு யார் சொல்லித் தருவது?

சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவரே வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் நடத்துகிறார். கல்லூரியில் புவியியல் படித்தவரும் அமெரிக்கப் புரட்சியை எடுத்தாக வேண்டும்.

பயிற்சிகள் இல்லாமல் இல்லை. வட்டார வள மையங்களில் நடக்கின்றன. 2017-ல் வந்த ‘தீக்‌ஷா’ தளம் மூலம் செல்போனிலும் படிக்கலாம். 2019-ல் மத்திய அரசு தொடங்கிய ‘நிஷ்தா’ பயிற்சி, கற்பித்தல் முறை, கற்றல் விளைவுகள், மதிப்பீடு ஆகியவற்றுக்கு முக்கியத்துவம் தந்தது. எப்படி நடத்துவது என்பதோடு, எதை நடத்துகிறோம் என்பதையும் ஆழமாகச் சொல்லித் தரவேண்டாமா?

அமெரிக்காவில் 2001-ல் அரசு நிதியுடன் வரலாற்று ஆசிரியர்களுக்கென ஒரு திட்டம் தொடங்கியது. பள்ளிகள் பல்கலைக்கழகங்களோடும் அருங்காட்சியகங்களோடும் சேர்ந்து ஆசிரியர்களின் பாட அறிவை வளர்த்தன. பத்தாண்டுகளில் நிதி நின்றுபோனாலும், அந்த யோசனை பழையதாகிவிடவில்லை.

பக்கத்திலேயே இருக்கு பாடம்

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கம்பெனி காலத்து ஆவணங்கள் அங்கே உள்ளன. கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸ் சிலை நிற்கிறது. 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த படையின் தளபதி அவர். ஐந்தே ஆண்டில் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து, பிறகு திப்பு சுல்தானோடு போரிட்டார்.

பூந்தமல்லி ஒன்றிய ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சியை இந்த இடங்களில் வைத்தால் போதும். சம்பந்தம் என்னவென்று கேட்கும் மாணவிக்கு, பதில் ஒரு கதையாகவே கிடைத்துவிடும்.